பட்டியலில் இல்லாத நிறம்

நாலு மணிக்கு முன்னால் யாரும் கூண்டை எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது என்று மைக்கில் மூன்றாவது தடவையாகச் சொல்லிவிட்டார்கள். மண்டபத்துச் சுவர்க் கடிகாரத்தில் ஒன்று முப்பத்தைந்து. கோகிலவாணி பிளாஸ்டிக் நாற்காலியைக் கூண்டுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்தில் நாற்காலி மொசைக் தரையில் வழுக்கியது, அதன் மேலும் கோபம் வந்தது. கூண்டுக் கம்பியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. 'தகுதி இல்லை' என்று அச்சடித்ததற்குக் கீழே 'பட்டியலில் இல்லாத நிறம்' என்று நடுவர் வரதராஜுலு தன் கைப்பட எழுதியிருந்தார். அட்டைக்குப் பின்னால், வைக்கோல் மேல், காதுகளை முதுகோடு ஒட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது நாற்பத்தொன்று. அவள் முயல்களுக்குப் பெயர் வைப்பதில்லை, காதுக்குள் பச்சை குத்திய எண்தான் பெயர். கோயமுத்தூரில் கல்யாண மண்டபத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகைக்குப் பிடித்து முயல் வளர்ப்போர் சங்கம் நடத்துகிற கண்காட்சி இது. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற மேடையில் இன்றைக்குக் கோப்பைகள் உட்கார்ந்திருந்தன. குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வரிசைகளுக்கு நடுவே நடந்தார்கள். இந்தக் கூண்டுக்கு வந்ததும் முதலில் அட்டையைப் படித்தார்கள், பிறகு முயலைப் பார்த்தார்கள், கடைசியாக அவளைப் பார்த்தார்கள். யாரும் இந்த வரிசையை மாற்றவில்லை. இன்னும் இரண்டரை மணி நேரம் இதே வரிசைதான். போனால் என்ன, இப்போதே கூண்டைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன செய்துவிடுவார்கள் என்று நினைத்தாள். நினைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். அதுதான் அவளால் முடியாதது. விதி என்றால் விதிக்கு உட்கார்ந்திருப்பாள், அட்டையில்லாத முயல்காரர்களைவிட ஒழுங்காக உட்கார்ந்திருப்பாள்.

பதினொன்றேகாலுக்கு நடந்தது அது. வரதராஜுலு வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தார், பின்னால் செயலாளர், குறிப்பெழுதுகிற ஒருத்தர், அவர்களுக்குப் பின்னால் வேடிக்கைக் கூட்டம். நாற்பத்தொன்றைத் தூக்கி மேசை மேல் வைத்தார். முதுகு முடியை விரலால் கலைத்தார். குனிந்து ஊதினார். பிறகு நிமிர்ந்து, "நீங்க என்ன வேலைங்மா பாக்கறீங்க?" என்றார். "திருப்பூர்ல சாயப்பட்டறையில, லேப்ல இருக்கறனுங்க சார்" என்றாள். "அதானே பாத்தேன்" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தார், செயலாளரின் தண்ணீர் பாட்டிலில் ஒரு முனையை நனைத்தார், நனைந்த முனையால் நாற்பத்தொன்றின் முதுகைக் கழுத்திலிருந்து வால்வரைக்கும் அழுத்தித் தேய்த்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. முயல் மேசையோடு மேசையாக அமுங்கியது. பக்கத்துக் கூண்டுக்காரி, கோத்தகிரியிலிருந்து வந்திருந்த ஜெசிந்தா, "சார், பாத்து சார், அதுக்கு நோகும்" என்றாள். வரதராஜுலு கைக்குட்டையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார். வெள்ளையாகத்தான் இருந்தது. இரண்டு முடி ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். சாயமில்லை என்று அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. "எப்படியிருந்தாலும் லிஸ்ட்ல இல்லைங்மா" என்றார். அதற்குக் கோகிலவாணி சிரித்தாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "பரவாயில்லைங்க சார்" என்றாள்.

பரவாயில்லைங்க. என்ன பரவாயில்லை? எது பரவாயில்லை? தேய்த்தது பரவாயில்லையா, சிரித்தது பரவாயில்லையா, இந்த நிறத்துக்காக உழைத்த ஆறு வருடம் பரவாயில்லையா? அந்தச் சொல் வாயிலிருந்து வெளியே வந்ததைக்கூட அவள் உணரவில்லை, வந்த பிறகுதான் காதில் விழுந்தது, வேறு யாரோ பின்னாலிருந்து சொன்ன மாதிரி. சொல்லவேண்டியது தொண்டைக்குள் தயாராக இருந்திருக்கவேண்டும். சார், சாயம் போட்டால் வேரிலிருந்து நுனிவரை ஒரே நிறமாகத்தான் ஏறும். இதை ஊதிப் பாத்தீங்கல்ல, ஒரே முடியில் மூணு நிறம், அடியில் வெள்ளை, நடுவில் பழுத்த ஆரஞ்சு, நுனியில் நாவல்பழத்தைப் பாலில் கரைச்ச மாதிரி ஒரு சாம்பல். ஒரு முடியில் மூணு வளையம் போடுகிற சாயக்காரன் இந்த உலகத்தில் எவனாவது இருக்கானுங்களா சார்? இருபத்திரண்டு வருசமா சாயத்திலதான் நிக்கறேன், எனக்கு நீங்க தேச்சுப் பாக்கச் சொல்லித் தர்றீங்களா? இப்படிக் கேட்டிருக்கவேண்டும். இவ்வளவு கூட வேண்டாம், 'மூணு வளையம்' என்று இரண்டே சொல் சொல்லியிருந்தால் போதும். சிரித்த கூட்டம் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்திருக்கும். இப்போது எவ்வளவு அழகாக வருகிறது, ஒன்றன்பின் ஒன்றாக, திக்காமல் திணறாமல். பதினொன்றேகாலுக்கு எங்கே போயிருந்தது இது? தேய்த்துப் பார்ப்பது தினமும் பட்டறையில் அவள் செய்கிற வேலைதானே. துணித்துண்டைக் கருவியில் மாட்டி, வெள்ளைத் துணியால் காய்ந்தபடி பத்துத் தேய்ப்பு, ஈரமாகப் பத்துத் தேய்ப்பு, எவ்வளவு கறை ஏறியிருக்கிறது என்று பார்த்து ஐந்துக்கு இத்தனை என்று எண் போடுவாள். நாலரைக்குக் கீழே போனால் துணியைத் திருப்பி அனுப்புவாள். எத்தனை பேர் வந்து கெஞ்சியிருக்கிறார்கள், மேடம் இந்த ஒரு தடவை என்று. விட்டதில்லை. வெறும் துணிக்கு அவ்வளவு ரோசம், கையில் வளர்த்த உயிருக்குப் பரவாயில்லைங்க.

"சாப்பிடலையா அக்கா?" ஜெசிந்தா டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதத்தை நீட்டினாள். அவள் கூண்டில் இரண்டாம் பரிசு ரிப்பன் நீலமாக ஆடியது, உள்ளே சோப்புக்கட்டி மாதிரி ஒரு வெள்ளை முயல். வெள்ளையில் என்ன இருக்கிறது? நிறமே இல்லாததுக்குப் பரிசு. "பசிக்கலைங்க" என்றாள் கோகிலவாணி. காலையில் ஐந்தரை பஸ்ஸில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஏறியதிலிருந்து ஒரு டீதான். ஜெசிந்தா மேல் இருக்கிற கோபம் நியாயமில்லாதது என்று தெரிந்தது. தெரிந்ததால் அது குறையவில்லை. அதுக்கு நோகும் என்று சொன்னாளே, அதை நான் அல்லவா சொல்லியிருக்கவேண்டும். அறிமுகமில்லாத ஒருத்தி, என் முயலுக்காக என்னை முந்திக்கொண்டு வருத்தப்பட்டாள். நான் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினேன். கோத்தகிரிக்காரிக்கு அது மனதில் இருக்காதா, இப்போது சாதம் கொடுக்கிறாளே, பாவம் என்றுதானே கொடுக்கிறாள். பாவம் பார்க்கிறவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு அப்பாவும் அம்மாவும் சின்னப் பெண்ணும் நின்றார்கள். அட்டை, முயல், அவள். "அழுக்கா இருக்குதும்மா" என்றது பெண். "அழுக்கில்ல கண்ணு, அது கலப்பு" என்றான் அப்பன், மண்டபத்துக்குள் நுழைந்து அரை மணி நேரம் ஆகியிருக்காது, அதற்குள் கலப்பு என்று தெரிந்துவிட்டது அவனுக்கு. தலைக்கு மேல் டியூப்லைட் ஒன்று செத்தும் சாகாமலும் எரிந்தது. இந்த வெளிச்சத்தில் அழுக்காகத்தான் தெரியும். ஒரு விளக்கில் ஒன்றாய்த் தெரிகிற நிறம் இன்னொரு விளக்கில் வேறாய்த் தெரியும், அதற்காகத்தானே லேபில் நாலு விளக்குப் பெட்டி வைத்திருக்கிறார்கள். ஜன்னலோரத்தில் இடம் கொடுங்க என்று காலையிலேயே செயலாளரிடம் கேட்டாள். நம்பர்படிதாங்க வைக்க முடியும் என்றார். ஜன்னலோரத்தில் இப்போது இருப்பது எது? வெள்ளை. வெள்ளைக்கு எதற்கு ஜன்னல்?

ஆறு வருடம். முதலில் ஒரு விளையாட்டுத்தான், வேலைக்குப் போய் வந்து கை சும்மா இருக்க மாட்டேனென்றது. கொட்டகையில் காட்டு முயல் நிறத்தில் இரண்டும் சாம்பல் நீலத்தில் ஒன்றும் இருந்தன. ஒரு தடவை பிறந்த ஆறு குட்டியில் ஒன்றின் தோல், முடி முளைக்கும் முன்பே, மற்றதைவிட அரைப் பொட்டு வெளுப்பாக இருந்தது. வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் அரைப் பொட்டு வித்தியாசத்தைப் பார்ப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். ஒன்பதாம் நாள் முடி வந்தபோது குனிந்து ஊதினாள், அந்த மூன்று வளையம் விரிந்தது, பத்தாம் நாள் அது செத்துப்போனது. பிறகு மறுபடியும் அதே ஜோடி, அந்தக் குட்டிகளுக்குள் ஜோடி, தாய்க்கு மகன். பெரிய நோட்டில் கோடு போட்டு எழுதிக்கொண்டே போனாள், பதினாறில் ஒன்று வரலாம் என்று கணக்குச் சொன்னது, பதினாறைத் தாண்டி இருபதாகியும் வரவில்லை. வந்த ஒன்றைப் பூனை கொண்டுபோனது. குமாரசாமி, அவள் வீட்டுக்காரர், கெட்ட மனிதரில்லை, கொட்டகைக்குத் தகரம் அடித்தவரே அவர்தான், ஆனால் சொந்தக்காரர்கள் யாராவது ஒறம்பரையாக வந்தால், "எங்கூட்டுக்காரி மொசலுக்குப் பெயிண்டு அடிக்கறா" என்று சொல்லிச் சிரிக்க வைப்பார். அவளும் சேர்ந்து சிரிப்பாள். எப்போதும் சிரித்தே வந்திருக்கிறாள். சங்கத்துக்காரர்களோ நிறம் தப்பிப் பிறந்த குட்டியைக் கறிக்கு அனுப்புவார்கள், அதுதான் வழக்கம், அதற்கு 'கழிக்கிறது' என்று பெயர். பட்டியலில் பதினொரு நிறம், மற்றதெல்லாம் கழிவு. யார் போட்ட பட்டியல்? வானத்திலிருந்தா விழுந்தது? நாலு பேர் ஒரு ஓட்டலில் உட்கார்ந்து போண்டா தின்றுகொண்டு எழுதியிருப்பார்கள். இன்றைக்கு நாற்பத்தொன்றையும் சேர்த்து அவளிடம் இந்த நிறத்தில் ஏழு இருக்கின்றன. ஏழே ஏழு. அவளுக்குத் தெரிந்து இந்தச் சங்கத்தில் வேறு யாரிடமும் இல்லை, வேறு எங்காவது இருந்தாலும் அவளுக்கு அது தெரியப் போவதில்லை.

கைக்குட்டை மறுபடியும் வந்தது. அதை நினைக்காமலிருக்க நோட்டை நினைத்தாள், கொட்டகையை நினைத்தாள், எல்லாவற்றுக்குப் பின்னாலும் அந்த நனைந்த முனை வந்து நின்றது. நனைந்த முனைக்குப் பின்னால் இன்னொரு முனை. புடவை முனை. வெங்காய நிறச் சுங்குடி. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு, காங்கேயத்திலிருந்து பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, பக்கத்தில் வா சாமி என்று செல்லமாகக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் தன் முந்தானையை நாக்கில் தொட்டு நனைத்து, அவள் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தாள். பவுடர் வருகிறதா என்று. இல்லை, இதை ஏன் இப்போது நினைக்கவேண்டும்? மொசலும் நானும் ஒன்றா? இப்படி ஜோடி சேர்த்து அழுவதற்கு அவள் ஆளில்லை. அது வேறு, இது வேறு. அந்தக் காங்கேயத்துக்காரி செத்தே பத்து வருடம் இருக்கும். அந்தச் சம்பந்தம் நின்றுபோனதும் நல்லதுதான், குமாரசாமி வந்தார். ஆனால் கன்னத்துக்கு அதெல்லாம் தெரியவில்லை, கன்னம் இப்போதும் அந்த எச்சிலின் குளிர்ச்சியை வைத்துக்கொண்டிருக்கிறது. அன்றைக்கு அவள் ஒன்றும் பேசவில்லை. பேசியது அவள் அம்மா. அந்த அத்தை முந்தானையைப் பார்த்துவிட்டு, "பொண்ணு நெறம் இவ்வளவுதானுங்களா" என்றதும், அம்மா காபித் தட்டோடு நின்றபடியே சிரித்து, "பரவாயில்லைங், நீங்க காபி எடுத்துக்கோங்" என்றாள். அதே சிரிப்பு. அதே சொல். கோகிலவாணிக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபடியே உடம்பு சுட்டது. அப்படியானால் அது என் வாயே இல்லை. நாற்பத்தாறு வயதில், இருபத்திரண்டு வருட வேலைக்குப் பிறகு, இன்னும் அம்மாவின் வாயை வைத்துக்கொண்டு பேசுகிறேன். செத்துப்போன அம்மா மேல் கோபம் வந்தது. வந்த கோபம் நிற்க இடமில்லாமல் திரும்பி வந்து அவள் மேலேயே உட்கார்ந்தது.

இரண்டு ஐம்பது. நாற்பத்தொன்று வாயைத் திறந்த மாதிரி இருந்தது. எழுந்து கம்பியோடு முகத்தை வைத்துப் பார்த்தாள். மூக்கு வேகமாகத் துடித்தது, விலா ஏறி இறங்கியது. பயந்த முயல் மணிக்கணக்கில் ஒன்றுமில்லாத மாதிரி உட்கார்ந்திருந்துவிட்டு அப்படியே சரிந்துவிடும், அவள் இரண்டை அப்படி இழந்திருக்கிறாள், ஒன்று தீபாவளி வெடிக்கு, ஒன்று வெயிலுக்கு. மண்டபத்தில் மின்விசிறி மேடைக்கு மட்டும்தான். கூடையிலிருந்து தண்ணீரை எடுத்து விரலை நனைத்து, கம்பி வழியாகக் காதுகளைத் தடவினாள். காது கொதித்தது. மூன்று தடவை தடவியதும் கை நின்றது, ஈரக்கையால் மூன்று தடவை, நடுவரும் இப்படித்தான் தடவினார், அதற்கு வித்தியாசம் தெரியுமா? தெரிந்ததோ என்னவோ, முயல் ஒதுங்கவில்லை. அந்த நேரம் பார்த்து, அவள் நாள் முழுக்கத் தள்ளித் தள்ளி வைத்த பயம் வந்து நின்றது. போன மாதம் பட்டறையில் வருடாந்திரக் கண் பரிசோதனை. நிறப் பொத்தான்களைக் கலைத்துக் கொட்டுவார்கள், பச்சையிலிருந்து நீலம்வரைக்கும் படிப்படியாக அடுக்கவேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. போன மாதம் இரண்டு பொத்தான் இடம் மாறியது. பரவாயில்லை மேடம், வயசாகுதில்ல, என்றார் பரிசோதிக்க வந்தவர். ஒருவேளை அந்த நாவல்பழச் சாம்பல் என் கண்ணில் மட்டும்தான் இருக்கிறதோ? குமாரசாமிக்குப் பழுப்பு, அந்தப் பெண்குழந்தைக்கு அழுக்கு, அப்பனுக்குக் கலப்பு, நடுவருக்குச் சாயம். ஒருத்தருக்காவது, இந்த மண்டபத்தில் ஒரே ஒருத்தருக்காவது, தெரிந்திருக்கவேண்டாமா? யாருக்கும் தெரியாத நிறம் நிறமா? ஏழு முயலும் அவள் கண்ணும் சேர்ந்து செய்த பொய்யாக இருந்தால்? போகட்டும், பொய்யாகவே இருக்கட்டும், அதற்காக ஈரத்துணியா?

மூன்றரை இருக்கும். மேடையில் மாலைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வரதராஜுலு கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு தனியாக வந்தார். பின்னால் யாருமில்லை. அவரைப் பார்த்ததும் அவள் உடம்பு தானாக எழுந்து நின்றது, அதற்காகவும் தன் காலைத் திட்டிக்கொண்டாள். "உக்காருங்மா" என்றார். அவர் பிளைவுட் கடை வைத்திருப்பவர், சோமனூர்ப் பக்கம் பண்ணையும் இருக்கிறது என்று ஜெசிந்தா காலையில் சொல்லியிருந்தாள். அவர் குனிந்து, போன் விளக்கைப் போட்டு, கூண்டுக் கம்பி வழியாக நாற்பத்தொன்றைப் பார்த்தார். அட்டையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தார். வாயைக் குவித்து மெல்ல ஊதினார். "என்னா நெறங்மா இது" என்றார், சின்னக் குரலில். "அடியில பால். நடுவுல தீக்கங்கு அமந்த மாதிரி. மேல வந்து, என்ன சொல்றது, புறா தொண்டைக்குக் கீழ ஒண்ணு இருக்குமே, அதுல சிவப்புச் சேர்ந்த மாதிரி. இருபது வருசமா முயல் பாக்கறேன், இப்படி ஒண்ணு கண்ணால பாத்ததில்லை."

கோகிலவாணிக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை நினைத்து நினைத்து அவள் பிற்பாடு கோபப்பட்டாள், ஆனால் முதலில் வந்தது அதுதான், வயிற்றிலிருந்து கிளம்பிக் கண்வரைக்கும். தெரிகிறது. இந்த ஆளுக்குத் தெரிகிறது. என் கண் பொய்யில்லை. அப்புறம்தான் மற்றது வந்தது. "அப்ப சாயமில்லைன்னு உங்களுக்கு எப்பத் தெரியுமுங்க சார்?" என்று கேட்டாள். "ஊதினப்பவே தெரியுமே. மூணு வளையத்தை எவன் சாயத்துல போட முடியும்?" அவள் தொண்டைக்குள் காலையிலிருந்து புரண்டுகொண்டிருந்த வாக்கியம், அச்சு மாறாமல் அவர் வாயிலிருந்து வந்தது. "தெரிஞ்சுமா கர்ச்சீப்புல தேச்சீங்க?" "நாலு பேரு பாக்கறாங்கள்ல. நாளைக்கு எவனும் ஒண்ணு சொல்லக் கூடாது. உங்க நல்லதுக்குத்தாங்மா." அவர் அதை நிஜமாகவே நம்பினார், முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, அதுதான் பொறுக்கவில்லை. "நான் எதுக்கு வந்தன்னா, எனக்கு ஒரு ஜோடி வேணும். எம் புள்ளையாட்டம் பாத்துக்கறேன். விதி தெரியுமில்லைங்களா, மூணு ஊர்ல மூணு பேரு ஒரே நெறத்தக் காட்டினா கமிட்டி லிஸ்ட்ல சேக்கும். நீங்க ஒண்ணு, நான் ஒண்ணு, மூணாவது ஆளையும் நானே புடிக்கறேன். ரெண்டே வருசம். நெறத்துக்கு உங்க பேரையே போடச் சொல்றேன்."

விதி அவளுக்குத் தெரியும். சங்கத்து விதிப்புத்தகத்தில் பதினாலாம் பக்கத்தில் இருக்கிற அந்த விதிக்காகத்தான் இங்கே வந்தாள், பரிசுக்கு வரவில்லை, ஒருத்தராவது பார்த்துவிட்டு எனக்கு ஒரு ஜோடி தாங்க என்று கேட்பார்கள் என்று. கேட்டாகிவிட்டது. கேட்கவேண்டிய ஆளே கேட்டாகிவிட்டது. சரி என்றால் முடிந்தது. ஆறு வருடம், பூனை தின்றது, பத்தாம் நாள் செத்தது, எல்லாவற்றுக்கும் ஒரு அர்த்தம் வந்துவிடும். உதடு ஏற்கெனவே விரிய ஆரம்பித்திருந்தது, அந்தச் சிரிப்பு வரப்போகிறது, அதன் பின்னால் அந்தச் சொல்லும் வரிசையில் நின்றது. அவள் பல்லை இறுக்கி உதட்டை மூடினாள், கன்னத்துத் தசை வலிக்கிற அளவுக்கு. "மைக்குல சொல்லுங்க சார்" என்றாள். "எதைங்மா?" "அது சாயமில்லைன்னு. காலையில எத்தனை பேரு இருந்தாங்களோ அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி. இப்பச் சொல்லுங்க, நாளைக்கே வந்து ஜோடிய எடுத்துக்கங்க." வரதராஜுலு மேடையைத் திரும்பிப் பார்த்தார். "அதெப்படிங்மா? நடுவரே போயி அப்படிச் சொன்னா, அப்புறம் யாரு மதிப்பா? நீங்க படிச்சவங்க, புரிஞ்சுக்கோணும்." "அப்ப இல்லைங்க." "என்ன இல்லைங்க?" "ஜோடி இல்லைங்க. உங்களுக்கு இல்லைங்க." அவர் கோபப்படவில்லை, முகத்தில் வருத்தம்தான் இருந்தது, அதை அவள் மறுக்கமாட்டாள். "முயலுக்கு ஆயுசு ஏழெட்டு வருசம்மா. ரோசம் பாத்தீங்கன்னா உங்க கொட்டாயோட போயிரும் இந்த நெறம். பாவம்." என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தார்.

கோகிலவாணி உட்கார்ந்தாள். என்ன செய்துவிட்டேன்? பட்டறைக்கு வெளியே முதல் தடவையாக ஒரு ஆளுக்கு முகத்துக்கு நேரே இல்லையென்றது எந்த நேரத்தில், எந்த ஆளுக்கு! இருக்கிற மனிதரில் நிறத்தைப் பார்க்கத் தெரிந்த ஒரே மனிதருக்கு. அவர் சொன்னது பொய்யில்லை, ஏழு முயல், ஒரு கோடை வந்தால் போதும், ஒரு சீக்கு வந்தால் போதும், ஒரு நாய் தட்டியைப் பிறாண்டினால் போதும். ரோசமா இது? ரோசமென்றால் காலையிலல்லவா வந்திருக்கவேண்டும். பின்னாலேயே ஓடிப்போய், சார் சார் தப்பா எடுத்துக்காதீங்க என்று சொல்லலாம், இன்னும் பத்தடிகூடப் போகவில்லை. எழுந்திரு என்று ஒன்று சொன்னது. போனால் செத்தாய் என்று ஒன்று சொன்னது. இரண்டுக்கும் நடுவில் அவள் கை கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது, கம்பி உள்ளங்கையில் பதிகிற அளவுக்கு. பாவமாம். யார் பாவம்? மூன்று பேர் வேண்டும், ஒன்று நான். அவரைத்தான் பிடிக்கவேண்டும் என்று பதினாலாம் பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்ன? மூன்று ஊர், மூன்று ஆள், அவ்வளவுதானே எழுதியிருக்கிறது. ஆள் என்றால் எந்த ஆள்? பார்க்கத் தெரிந்த ஆளா, தேய்க்கும்போது நோகும் என்று தெரிந்த ஆளா? பார்க்கச் சொல்லிக் கொடுத்துவிடலாம். பட்டறையில் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், நீலத்துக்கும் நீலத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் வந்தவர்களுக்கெல்லாம். மற்றதைச் சொல்லிக் கொடுக்க முடியாது.

ஜெசிந்தா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள், பார்க்காத மாதிரி ரிப்பனைச் சரிசெய்துகொண்டு. கோகிலவாணி அவள் பக்கம் திரும்பினாள். எப்படிக் கேட்பது என்று யோசித்தால் கேட்கவே மாட்டாள் என்று தோன்றியதால் யோசிக்காமல் கேட்டாள். "ஏனுங்க, உங்ககிட்ட கூண்டு காலியா இருக்குதுங்களா?" "எதுக்கு அக்கா?" "ஒரு ஜோடி தர்றேன். இந்த நெறத்துல." ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது, பயமும் வந்தது. "நான் வெள்ளை மட்டுந்தானே வச்சிருக்கேன். எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்? ஊதறாங்க, பாக்கறாங்க, எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது." "தெரிய வெக்கறேன்." "வீட்ல கேக்கணும். கூண்டு ரெண்டு காலியாத்தான் இருக்கு. ஆனா எங்க ஊரு குளிருக்கு இது கருத்துடாதா அக்கா?" "கருக்காது." "இல்ல, டிசம்பர்ல பனி கொட்டும், எல்லாமே ஒரு மாதிரி..." "கருக்காதுங்கறேன்!"

மண்டபத்தில் இரண்டு வரிசைக்கு அந்தப்பக்கம் வரைக்கும் கேட்டிருக்கவேண்டும். தலைகள் திரும்பின. மேடையில் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் வரதராஜுலுவும் பார்த்தார். "முடி அடர்த்தியாகும், அவ்வளவுதான்" என்றாள் கோகிலவாணி. "நெறத்துக்கும் குளிருக்கும் சம்பந்தமே இல்லை. யாராச்சும் கருக்கும்னு சொன்னா என்னைக் கூப்புடுங்க, நான் வந்து பேசறேன். கூண்ட மட்டும் மேக்காலப் பாத்து வெக்காதீங்க. ஈரம் ஆகாது, அடியில வைக்கோலு தெனமும் மாத்தோணும். காலையில முதல் வெளிச்சம் படற எடமா இருக்கோணும், டியூப்லைட்டுக்குக் கீழ வெக்கவே வெக்காதீங்க. எழுதிக்கிறீங்களா?" ஜெசிந்தா பையில் பேனாவைத் தேடினாள். மைக்கில் மறுபடியும் ஏதோ சொல்ல ஆரம்பித்தார்கள். கோகிலவாணி அந்த மைக் சத்தத்துக்கும் மேலே, தீவனத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். குரலைத் தணிக்க அவளுக்குத் தோன்றவேயில்லை.